705 பேர், 24 மொழி, பூட்டிய எல்லைகள்: கொரோனா காலத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றம் நடந்த விதம்

கேள்வி இதுதான்: "2020-இல் எல்லைகள் எல்லாம் மூடிக் கிடந்தபோது, 27 நாட்டு உறுப்பினர்கள் உட்காரும் ஐரோப்பிய நாடாளுமன்றம் எப்படி வேலை செய்தது? வீடியோ காலில் எல்லாரையும் கூட்டி நடத்திவிட்டார்களா?"

வீடியோ காலில் கூட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் மொத்த வேலையில் அது சின்னப் பங்குதான். ஒரு கம்பெனி ஆன்லைனில் கூடிப் பேசினால் எடுத்த முடிவு அப்போதே நடைமுறைக்கு வந்துவிடும், யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. நாடாளுமன்றம் ஒரு சட்டத்துக்கு வாக்களித்தால், பாதிக்கப்பட்டவர் நாளைக்கே லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஏறி, "அன்று பட்டனை அழுத்தியது உறுப்பினரா, அவர் வீட்டில் வேறு யாராவதா?" என்று கேட்கலாம். அதற்குப் பதில் கையில் இருந்தால்தான் சட்டம் நிற்கும். ஆகவே அவர்களுக்கு இருந்த தலைவலி பேசுவதில் இல்லை, வாக்கில் இருந்தது. அதற்கடுத்த தலைவலி மொழி. இந்த இரண்டையும் அவர்கள் எப்படிக் கையாண்டார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று பார்த்தாலே கேள்விக்கான பதில் கிடைத்துவிடும்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியதும் அவையின் பலம் 751-இலிருந்து 705 ஆனது. அலுவல் மொழிகள் 24. அதிகாரப்பூர்வ இருப்பிடம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க். குழுக் கூட்டங்களும் கட்சிக் கூட்டணிகளின் வேலைகளும் பிரஸ்ஸல்ஸில் நடக்கும். செயலகம் லக்சம்பர்க்கில் இருக்கிறது. ஆண்டுக்கு 12 முறை முழு அவை ஸ்ட்ராஸ்பர்க்கில்தான் கூட வேண்டும் என்று ஒன்றியத்தின் ஒப்பந்த நெறிமுறையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் சாதாரண காலத்தில் மாதம் ஒருமுறை உறுப்பினர்கள், உதவியாளர்கள், அதிகாரிகள், மொழிபெயர்ப்பாளர்கள் என்று ஒரு பட்டாளமே, கோப்புப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, 400 கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்பும். வார இறுதியில் அத்தனை உறுப்பினர்களும் 27 நாடுகளுக்குக் கலைந்து போவார்கள். கிருமி ஒன்று ஊர் சுற்ற நினைத்தால் இதைவிட வசதியான ஏற்பாட்டை யாராலும் செய்துதர முடியாது.

2020 மார்ச் தொடக்கத்தில் பார்வையாளர்களுக்கும் வெளி நிகழ்ச்சிகளுக்கும் தடை வந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் நான்கு நாள் நடக்கவேண்டிய மார்ச் அமர்வு பிரஸ்ஸல்ஸுக்கு மாற்றப்பட்டு, மார்ச் 10-ஆம் தேதியோடு சுருக்கப்பட்டது. அவைத்தலைவர் டேவிட் சசோலி இத்தாலிக்காரர். ஊருக்குப் போய்த் திரும்பியிருந்ததால் அவரே தனிமைப்படுத்திக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் வீட்டிலிருந்து வேலை பார்த்தார். அதே வாரங்களில் மூன்று அவசர மசோதாக்கள் வந்து நின்றன. ஒன்று, ஒன்றிய நிதியிலிருந்து 37 பில்லியன் யூரோவை உறுப்பு நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் தொழில்களுக்கும் திருப்பிவிடுவது. இரண்டாவது, இயற்கைப் பேரிடருக்கென்று இருந்த ஒற்றுமை நிதியைப் பொதுச் சுகாதார அவசரத்துக்கும் திறந்துவிடுவது. மூன்றாவது கொஞ்சம் விசித்திரமானது. ஐரோப்பிய விமான நிலையங்களில் ஒதுக்கப்பட்ட புறப்பாட்டு, தரையிறங்கு நேரங்களில் 80 விழுக்காட்டையாவது ஒரு நிறுவனம் பயன்படுத்தவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் அந்த நேரம் கைவிட்டுப் போகும். இடம் பறிபோகுமே என்று பயந்து பயணிகளே இல்லாத விமானங்களைப் பறக்கவிடுகிற நிலை வந்துவிட்டது. அந்த விதியை நிறுத்திவைக்க வேண்டும். மூன்றுமே அவை வாக்களிக்காமல் நகராது.

இங்கேதான் முதல் முடிச்சு. அவையின் நடைமுறை விதிகளின்படி வாக்குரிமை தனிப்பட்ட உரிமை, உறுப்பினர் தனித்தனியாக, தானே, நேரில் வாக்களிக்க வேண்டும். 'நேரில்' என்ற சொல்லை எடுப்பதென்றால் விதியைத் திருத்த வேண்டும். விதியைத் திருத்த மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 353 பேர், வாக்களிக்க வேண்டும். அந்த 353 பேர் வாக்களிக்க நேரில் வரவேண்டும். சாவி பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி பூட்டியிருக்கிறது.

பூட்டைத் திறந்தது பீரோ. நமக்கு பீரோ என்றால் புடவை வைக்கிற இரும்பு அலமாரி. அங்கே அது அவைத்தலைவர், 14 துணைத்தலைவர்கள், ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும் உள்ள 5 நிர்வாகப் பொறுப்பாளர்கள் கொண்ட மேலாண்மைக் குழு. வாக்கெடுப்பின் தொழில்நுட்ப முறைகளை வகுக்கும் அதிகாரம் அதனிடம் இருந்தது, 2004-இல் அது எடுத்த ஒரு முடிவும் நடைமுறையில் இருந்தது. 2020 மார்ச் 20-ஆம் தேதி அந்தப் பழைய முடிவில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: பொதுச் சுகாதாரக் காரணத்தால் நேரில் வருவது ஆபத்து என்று அவைத்தலைவர் கருதினால், மின்னணு வழியில் தொலைவிலிருந்து வாக்களிக்கலாம். இதற்குக் காலவரம்பும் வைத்தார்கள். முதலில் ஜூலை மாதம் வரை, பிறகு நீட்டித்துக்கொண்டே போனார்கள். 'நேரில்' என்பதை 'தன் கையால், வேறொருவர் மூலமாக இல்லாமல்' என்று வாசித்ததுதான் இதன் சாரம். கொஞ்சம் இழுத்துப் பிடித்த விளக்கம்தான். ஆனால் அவசரத்துக்கு அது போதுமானதாக இருந்தது, நீதிமன்றத்தில் வாதாடவும் இடம் வைத்திருந்தது.

"அதற்கு ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வாக்களிக்க விட்டிருக்கலாமே, கட்சிக் கொறடாவிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கலாமே" என்று தோன்றும். பிரிட்டன் மக்களவையில் அப்படித்தான் பின்னால் செய்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தால் முடியாது. 1976-இல் நேரடித் தேர்தலுக்காகப் போடப்பட்ட சட்டமே, உறுப்பினர்கள் தனித்தனியாகவும் தாமாகவும் வாக்களிக்க வேண்டும், யாருடைய உத்தரவுக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்று சொல்கிறது. அது அவையின் உள்விதி இல்லை, பீரோ கை வைக்கக்கூடிய இடமும் இல்லை.

இடத்தைப் பெரிதாக்கும் வழியும் இருந்தது. தமிழக சட்டமன்றம் 2020 செப்டம்பரில் கோட்டையை விட்டு கலைவாணர் அரங்கத்துக்குப் போனதே, அந்த வழி. எல்லாரும் ஒரே மாநிலத்துக்குள் இருந்தால் அது பலிக்கும். விமானமே இல்லாத ஊரடங்கில் சைப்ரஸ்காரரும் எஸ்தோனியாக்காரரும் எந்த அரங்கத்துக்கு வருவார்கள்?

ஆக, மின்னஞ்சல். 2020 மார்ச் 26-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில் சிறப்பு அமர்வு. அவையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், மற்றவர்கள் வீட்டில். அந்த வாக்குச்சீட்டு எப்படிப் பயணம் செய்தது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

வாக்கெடுப்பு திறந்ததும் ஒவ்வொரு உறுப்பினரின் அதிகாரப்பூர்வ நாடாளுமன்ற மின்னஞ்சல் முகவரிக்கும் வாக்குச்சீட்டு போகும். ஜிமெயில், யாஹூ எதற்கும் போகாது. சீட்டில் மசோதாவின் பெயர், அதற்கு எதிரே ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று கட்டங்கள். உறுப்பினர் அதை அச்செடுத்து, கட்டத்தில் குறியிட்டு, தன் பெயரைப் படிக்கும்படி எழுதி, கையெழுத்துப் போடுவார். பிறகு ஸ்கேன் செய்தோ கைப்பேசியில் படமெடுத்தோ, அதே அதிகாரப்பூர்வ முகவரியிலிருந்து, அவை இதற்கென்றே திறந்துவைத்த அஞ்சல் பெட்டிக்கு அனுப்புவார். கெடு முடிவதற்குள் வந்து சேரவேண்டும். அனுப்பிய நேரத்தைப் பார்க்க மாட்டார்கள், பெட்டியில் வந்து விழுந்த நேரம்தான் கணக்கு. செயலக ஊழியர்கள் ஒவ்வொரு சீட்டையும் திறந்து, அனுப்பிய முகவரியையும் பெயரையும் கையெழுத்தையும் ஒப்பிட்டு, எண்ணி, அவைத்தலைவரிடம் கொடுப்பார்கள். யார் எப்படி வாக்களித்தார் என்ற முழுப் பட்டியலும் வெளியிடப்படும்.

அந்தப் பட்டியல்தான் இந்த முறையின் உண்மையான பூட்டு. மின்னஞ்சலை ஊடுருவ முடியும், கையெழுத்தைப் போலியாகப் போட முடியும். ஆனால் பெயரோடு வாக்கு வெளியே வந்துவிட்டால், உறுப்பினர் மறுநாள் பார்த்து "இது நான் போட்டதில்லை" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லாவிட்டாலும் அவர் கட்சிக்காரர் சொல்வார். வெளிப்படையான வாக்கெடுப்பு வரைக்கும் இந்தக் குறைந்த பாதுகாப்பு போதும். ரகசிய வாக்கெடுப்புக்கு இது துளியும் உதவாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கெங்கே இடறும்? வீட்டில் பிரிண்டர் இல்லாதவர் முதல் பலி. மங்கலான புகைப்படம் எண்ணுபவரைத் திணறவைக்கும். உதவியாளர் தன் முகவரியிலிருந்து அனுப்பிவிட்டால் அந்த வாக்கு செல்லாது. கையெழுத்தை மறந்தாலும் செல்லாது. தவறான கட்டத்தில் குறி போட்டு அனுப்பிவிட்டால், வாக்கெடுப்பு முடிந்தபின் 'நான் இப்படித்தான் வாக்களிக்க நினைத்தேன்' என்று குறிப்பேட்டில் பதியலாம். ஆனால் முடிவு அதனால் மாறாது. சாதாரண நாளில் பட்டனைத் தவறாக அழுத்தினவருக்கும் இதே விதிதான் என்பதால் யாரும் சண்டை பிடிக்க முடியவில்லை.

அன்றைய முடிவு: 37 பில்லியன் யூரோ மசோதாவுக்கு 683 ஆதரவு, 1 எதிர்ப்பு, 4 நடுநிலை. ஒற்றுமை நிதிக்கு 671 ஆதரவு, 3 எதிர்ப்பு, 14 நடுநிலை. விமான நேரங்களுக்கு 686 ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 2 நடுநிலை. கூட்டிப்பாருங்கள், மூன்றிலும் 688 பேர். 705-இல் 688 என்பது நேரில் கூடும் நாளில்கூட எளிதில் வராத எண்ணிக்கை. கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு இதுவே பதில். அங்கே கோரம் மூன்றில் ஒரு பங்கு, அதையும் 40 பேர் கேட்டால்தான் எண்ணுவார்கள். தொலைவிலிருந்து வாக்களித்ததால் வருகை குறையவில்லை, கூடியது.

ஆனால் மார்ச் 26 எளிய நாள். கிட்டத்தட்ட எல்லாரும் விரும்பிய மூன்று மசோதாக்கள். உண்மையான சோதனை திருத்தங்கள் வந்தபோதுதான் தொடங்கியது.

நேரில் நடக்கும் வாக்கெடுப்பு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான திருத்தங்களை விழுங்கும். அவைத்தலைவர் எண்ணைச் சொல்வார், கைகள் உயரும், "ஏற்கப்பட்டது" என்பார், அடுத்தது. சில நொடிகளில் ஒன்று முடியும். இந்த வேகத்துக்குள் ஒரு தர்க்கம் ஒளிந்திருக்கிறது: 5-ஆம் திருத்தம் நிறைவேறினால் அதோடு முரண்படும் 6-ம் 7-ம் தானாகவே விழுந்துவிடும், அவற்றுக்கு வாக்கெடுப்பே கிடையாது. ஒரு பத்தியை இரண்டாகப் பிரித்து வாக்கெடுக்கச் சொல்லும் உரிமையும் உண்டு. முடிவில், திருத்தங்களெல்லாம் சேர்ந்து உருமாறிய முழு உரைக்கு இறுதி வாக்கு. இறுதி வாக்கு போடுபவருக்கு உரை என்னவாக மாறியது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மின்னஞ்சலில் இந்த ஓட்டம் முடியாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் 705 கடிதம் போய்த் திரும்பக் காத்திருந்தால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். ஆகவே சுற்றுகளாகப் பிரித்தார்கள். முதல் சுற்றில் எல்லாத் திருத்தங்களும் ஒரே நீண்ட சீட்டில் போகும். அவற்றுக்குச் சில மணிநேரக் கெடு, அதன் பிறகு எண்ணிக்கை. எது நிறைவேறி எது விழுந்தது என்று செயலகம் கணக்கிட்டு முடிவை அனுப்பும். அடுத்த சுற்றில் இறுதி வாக்கு. முன்னது நிறைவேறினால் விழவேண்டிய திருத்தத்துக்கும் உறுப்பினர்கள் முன்கூட்டியே வாக்களித்திருப்பார்கள், எண்ணும்போது அதைத் தள்ளிவிடுவார்கள். ஒரு மதிய வேளையில் முடிந்த வேலை இரண்டு நாளைத் தின்றது.

2020 ஏப்ரல் 16, 17 அமர்வில் இதைக் கண்ணாரக் காணலாம். தொற்றை எதிர்கொள்ளும் ஒருங்கிணைந்த நடவடிக்கை குறித்த கூட்டுத் தீர்மானம், நாடுகள் கூட்டாகக் கடன் வாங்கும் பொதுக் கடன்பத்திரம் போன்ற சூடான விஷயங்களைத் தொட்டது. திருத்தங்கள் குவிந்தன. கடைசியில் 395 ஆதரவு, 171 எதிர்ப்பு, 128 நடுநிலை. மூன்று வாரத்துக்கு முந்தைய 683–1 எங்கே, இது எங்கே. அரசியல் திரும்பிவிட்டது, அதைத் தாங்குகிற அளவுக்கு முறையும் தேறிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

இந்தச் சுற்று முறையால் முடிவு தாமதமாவது கடைசி வரை தீரவில்லை. பிரிட்டனுடனான வர்த்தக ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் விவாதமும் வாக்கும் 2021 ஏப்ரல் 27-ஆம் தேதி நடந்தன. 660 ஆதரவு, 5 எதிர்ப்பு, 32 நடுநிலை என்ற முடிவு 28-ஆம் தேதி காலையில்தான் அறிவிக்கப்பட்டது. நாடகத்தன்மை போய்விட்டதே என்று செய்தியாளர்கள் புலம்பினால் அதிலும் நியாயம் உண்டு.

மின்னஞ்சலும் அச்சுத்தாளும் நெடுநாள் தாங்காது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நாடாளுமன்றத்தின் தகவல்தொழில்நுட்பப் பிரிவு தொலைவாக்குச் செயலியைக் கொண்டுவந்தது. உறுப்பினரின் அடையாளத்தை ஒன்றுக்கு மேற்பட்ட படிகளில் சரிபார்த்து, திரையிலேயே வாக்கு. எண்ணும் வேலை மனிதக் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போனது.

ரகசிய வாக்கெடுப்புக்கு வருகிறேன். பெயர் வெளியாகாது என்றால், 'இது என் வாக்கில்லை' என்று கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுவிடும். வாக்களித்தவர் உண்மையான உறுப்பினர் என்று அமைப்புக்குத் தெரியவேண்டும், அவர் யாருக்கு வாக்களித்தார் என்று அதே அமைப்புக்குத் தெரியக்கூடாது. இரண்டையும் பிரித்துவைக்கும் குறியாக்கம் இல்லாமல் தலைவர் தேர்தல் நடத்த முடியாது. 2022 ஜனவரியில் அந்தத் தேவை வந்தே விட்டது. டேவிட் சசோலி ஜனவரி 11-ஆம் தேதி, பதவிக்காலம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது, காலமானார். 18-ஆம் தேதி மால்டாவின் ரொபெர்ட்டா மெட்சோலா தொலைவழி ரகசிய வாக்கெடுப்பில் முதல் சுற்றிலேயே வென்றார். பதிவானவை 690, வெற்றும் செல்லாததும் 74, செல்லுபடியானவை 616, பாதிக்கு மேல் என்றால் 309. அவருக்கு 458 கிடைத்தது. உலக நாடாளுமன்றங்களின் கூட்டமைப்பான நாடாளுமன்றங்களுக்கு இடையேயான ஒன்றியம் இன்னும் முன்பே, 2020 நவம்பர் தொடக்கத்தில், தன் புதிய தலைவராக போர்ச்சுகலின் துவார்த்தே பச்சேக்கோவைத் தொலைவழி ரகசிய வாக்கால் தேர்ந்தெடுத்திருந்தது. ஆக, முடியாத காரியம் இல்லை. ஆனால் அவசரத்தில் ஒரு வாரத்தில் செய்யக்கூடியதும் இல்லை.

இனி மொழி. என்னைக் கேட்டால் இதுதான் மொத்தக் கதையில் அதிகம் பேசப்படாத, அதிகம் காயப்பட்ட பகுதி.

24 மொழிகள் என்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 552 திசைகள். முழு மொழி வசதியுள்ள அமர்வுக்கு ஒரு மொழிக்கு ஒரு பூத், ஒரு பூத்துக்கு மூன்று பேர் என்று எழுபதுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். ஒருவர் அரை மணி நேரம் பேசினால் அடுத்தவர் மாற்றிக்கொள்வார். அந்த உழைப்புக்கு அதற்கு மேல் மூளை ஒத்துழைக்காது. பூத் என்பது கண்ணாடி வைத்த, காற்றோட்டம் குறைந்த சின்ன அறை. பேசிக்கொண்டே இருப்பவர்கள் மூன்று பேரை அதற்குள் தோளோடு தோள் உட்காரவைப்பது தொற்றுக்கு வரவேற்புப் பத்திரம். ஒரு பூத்துக்கு ஒருவர் என்று பிரித்தால் பூத் எண்ணிக்கை போதாது. பக்கத்து அறைகளின் பூத்துகளையும் இழுத்துக்கட்ட வேண்டும், அல்லது மொழிகளைக் குறைக்க வேண்டும். தொடக்க மாதங்களில் பல குழுக் கூட்டங்கள் குறைந்த மொழிகளோடுதான் நடந்தன. சின்ன மொழிக்காரர்களுக்கு அது உறுத்தியது. தன் மொழியில் பேசும் உரிமை அங்கே சலுகை இல்லை, வாக்குரிமைக்குச் சமம்.

அடுத்த சிக்கல் ஒலி. கூட்டங்களுக்கு இன்டராக்டியோ என்ற, மொழிபெயர்ப்புத் தடங்களோடு கூடிய தளத்தைப் பயன்படுத்தினார்கள். நேரடி மொழிபெயர்ப்புக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 20109 தரநிலை 125 ஹெர்ட்ஸ் முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலி சேதமில்லாமல் வரவேண்டும் என்கிறது. இணையக் கூட்டத் தளங்கள் அலைவரிசையை மிச்சப்படுத்த ஒலியை நசுக்கும், மேல்பகுதியை வெட்டும், திடீரென்று ஏற்றி இறக்கும். சாதாரணமாகக் கேட்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது, 'ஸ'வும் 'ஃப'வும் கொஞ்சம் மழுங்கும், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் ஒரே நேரத்தில் கேட்டு, புரிந்து, பேசவும் செய்கிறார். ஒலி மழுங்கியதும் அவர் கை தானாகவே வால்யூமைக் கூட்டும். கூட்டிவைத்திருக்கும்போது யாராவது மைக்கைத் தட்டினால், அல்லது இணைப்பு கிறீச்சிட்டால், அந்தச் சத்தம் நேராகக் காதுக்குள் இடியாக இறங்கும். காதிரைச்சல், தலைவலி, கேட்கும் திறன் குறைவு என்று புகார்கள் குவிந்தன.

இதைத் தடுக்கப் பேசுபவர் செய்யவேண்டியது மிகக் கொஞ்சம்: யூஎஸ்பி கம்பி உள்ள ஹெட்செட், வைஃபைக்குப் பதில் கம்பி இணைப்பு, கதவு மூடிய அறை, எழுதிவைத்த உரையை முன்கூட்டியே அனுப்பிவிடுவது, அதைக் கடகடவென்று வாசிக்காமல் இருப்பது. கைப்பேசியின் ஸ்பீக்கரில், காரின் பின்சீட்டிலிருந்து பேசுகிறவர்களை எந்த ஊரில் திருத்த முடிந்திருக்கிறது? ஒரு அளவுக்கு உதவியது வேறொரு ஏற்பாடு. ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் நாடாளுமன்றத்துக்குத் தொடர்பு அலுவலகம் உண்டு. 2020 இலையுதிர் காலத்திலிருந்து உறுப்பினர்கள் தம் நாட்டு அலுவலகத்துக்குப் போய், அங்கே நிறுவப்பட்ட நல்ல மைக், கேமரா முன் நின்று முழு அவை விவாதத்தில் பேசினார்கள். ஒலியும் சீரானது, 'பேசுவது அவர்தானா' என்ற கேள்வியும் அடங்கியது. தொலைவழிப் பங்கேற்பைத் திட்டமிடும் எந்த அமைப்பும் இவர்களிடமிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுக்கலாம்.

விவாதத்தின் சுவை குறைந்தது வேறு விஷயம். அங்கே பேசிக்கொண்டிருப்பவரை இடைமறித்துக் கேள்வி கேட்க நீல அட்டையைத் தூக்குவார்கள். கடைசியில், பட்டியலில் இல்லாதவர்களும் கையசைத்து ஒரு நிமிடம் வாங்கிக்கொள்வார்கள். கட்டுப்பாட்டுக் காலத்தில் இவை நின்றன, முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட உரைகள் மட்டும் வரிசையாக ஓடின. மூன்று தரப்புப் பேச்சுவார்த்தைகளில் சேதம் இன்னும் அதிகம். நாடாளுமன்றம், உறுப்பு நாடுகளின் மன்றம், ஒன்றியத்தின் நிர்வாகக் கையான ஆணையம் ஆகிய மூன்றும் உட்கார்ந்து சட்ட உரையைப் பத்தி பத்தியாக இணக்கத்துக்குக் கொண்டுவருவது இங்கேதான். நான்கு நெடுவரிசை கொண்ட அட்டவணை ஒன்று திரையில் இருக்கும். முதல் மூன்றில் மூவரின் நிலை, நான்காவதில் சமரசம். அட்டவணை திரையில் நன்றாகவே தெரிந்தது. ஆனால் நான்காவது நெடுவரிசையை நிரப்புவது காபி இடைவேளையில் ஓரமாக நின்று பேசும் இருவர். அந்த ஓரம் வீடியோ காலில் கிடையாது. அப்படியும் 2021–27 ஏழாண்டு நிதித் திட்டம் இந்தச் சூழலிலேயே பேசி முடிக்கப்பட்டு, 2020 டிசம்பர் 16-ஆம் தேதி 548 ஆதரவு, 81 எதிர்ப்பு, 66 நடுநிலையோடு நிறைவேறியது.

ஸ்ட்ராஸ்பர்க் என்ன ஆனது? 2020 பிப்ரவரிக்குப் பிறகு 2021 ஜூன் வரை அங்கே ஒரு அமர்வும் இல்லை. ஒப்பந்தம் 12 முறை கட்டாயம் என்கிறது. தவிர்க்க முடியாத சூழல் என்பதுதான் அவையின் நிலைப்பாடு, பிரான்ஸ் அரசு விடாமல் நச்சரித்தது. சும்மா கிடந்த கட்டடத்தில் கொரோனா பரிசோதனை மையம் திறந்தார்கள். பிரஸ்ஸல்ஸ் கட்டடத்தின் சமையலறைகளில் நாளுக்கு ஆயிரம் சாப்பாடு சமைத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள்.

பீரோவின் முடிவை வைத்தே காலத்தை ஓட்டமுடியாது என்பதால், 2020 டிசம்பர் 17-ஆம் தேதி நடைமுறை விதிகளிலேயே அசாதாரணச் சூழலுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அன்றைய எண்ணிக்கையில் 237அ முதல் 237ஈ வரை. உள்ளடக்கத்தைவிட அதன் கட்டமைப்பு கவனிக்கத்தக்கது. நடவடிக்கையை அவைத்தலைவர் அறிவிக்கலாம், ஆனால் கூட்டணித் தலைவர்களின் மாநாடு ஒப்புதல் தரவேண்டும். மாநாட்டைக் கூட்ட அவகாசம் இல்லாவிட்டால் அவைத்தலைவர் தனியே முடிவெடுக்கலாம், ஐந்து நாளுக்குள் ஒப்புதல் வராவிட்டால் அது காலாவதியாகும். அவையில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால் அந்த நடவடிக்கையை முழு அவையின் வாக்குக்கு விடவேண்டும். தொலைவில் இருப்பவர் வாக்குக்கும் கோரத்துக்கும் அவைக்குள் இருப்பவராகவே கருதப்படுவார். ஒரு கூட்டணியின் உறுப்பினர்கள் பெருமளவில் வரமுடியாமல் போய் அரசியல் சமநிலை குலைந்தால் என்ன செய்வது என்பதற்கும் தனி விதி. அவசரகால அதிகாரம் அவைத்தலைவர் கையில் தங்கிவிடாதபடி பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறார்கள்.

இப்படிக் கையில் விதி இல்லாத அமைப்புகள் பட்ட பாட்டையும் பார்க்கலாம். அதே ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவை வேறு அமைப்பு. அப்போது 47 நாடுகள், அந்தந்த நாட்டு நாடாளுமன்றங்களிலிருந்து அனுப்பப்படும் உறுப்பினர்கள். 2020 வசந்த கால, கோடைக் கால அமர்வுகளை அது இழந்தது. நிலைக்குழு வீடியோவில் கூடி ஒப்பேற்றியது. பாதி அரங்கம், பாதி இணையம் என்ற கலப்பு அமர்வு 2021 ஜனவரியில்தான் முடிந்தது.

2021 நவம்பர் 3 முதல் ஐரோப்பிய நாடாளுமன்றக் கட்டடங்களுக்குள் நுழையக் கொரோனா சான்றிதழ் கட்டாயமானது. தேர்ந்தெடுக்கப்பட்டவரை வாசலில் நிறுத்தலாமா என்று சில உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி அதைத் தள்ளுபடி செய்தது. மொழிபெயர்ப்பாளர்களின் குறை நீதிமன்றம் போகவில்லை. கட்டுப்பாடுகள் விலகியபிறகும் திரையிலிருந்து பேசும் பழக்கம் சிலரிடம் ஒட்டிக்கொண்டது, ஒலி அப்படியே இருந்தது. 2022 ஜூனில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரங்கத்துக்குள் நின்று பேசியவர்களின் உரையை 24 மொழியிலும் கொடுத்தார்கள். திரையில் தொலைவிலிருந்து ஒருவர் தோன்றியதும் பூத்துகளில் மைக்கை அணைத்தார்கள்.